மக்குமா, மக்காதா? செடியில் பிறந்த பிளாஸ்டிக்கின் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு பந்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஸ்கூல்ல டேபிள் டென்னிஸ் ஆடினவங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பழைய பந்து ஒண்ணு உடைஞ்சுபோச்சுன்னா, அதை மோந்து பார்த்தா லேசா கோயில் வாசனை வரும். கற்பூர வாசனை. அது பிரமை இல்லை. அந்தப் பந்து செல்லுலாய்டால் ஆனது. செல்லுலாய்டின் முக்கியமான இரண்டு மூலப்பொருட்கள் பஞ்சும் கற்பூரமும். ஒன்று செடியில் காய்த்தது, இன்னொன்று மரத்திலிருந்து வடித்தது. பெரிய சர்வதேசப் போட்டிகளில் 2014-ல்தான் செல்லுலாய்டை விட்டு வேறு பிளாஸ்டிக் பந்துக்கு மாறினார்கள்.

இதை ஏன் சொல்றேன்னா, இப்போ காபி கடையில ஒரு கப் கொடுத்து, "இது சோளத்துல செஞ்சது, பிளாஸ்டிக் இல்லை"ன்னு சொல்றாங்க. ஏதோ நேத்துதான் கண்டுபிடிச்ச மாதிரி. ஆனா பிளாஸ்டிக் பிறந்ததே செடியில்தான். பெட்ரோல் கிணறு பின்னாடி வந்தது. கிட்டத்தட்ட 160 வருடக் கதை இது. இந்தக் கதை முழுக்க ஒரே தப்பு திரும்பத் திரும்ப நடக்குது. பொருள் எங்கிருந்து வந்ததுன்னு பெருமையா பேசுவாங்க. அது கடைசியில எங்க போகும்னு கேட்க மறந்துடுவாங்க.

யானைத் தந்தமும் பஞ்சும்

1862, லண்டன். அங்கே ஒரு சர்வதேசக் கண்காட்சி. பர்மிங்காமைச் சேர்ந்த அலெக்சாண்டர் பார்க்ஸ் சில சீப்புகள், பொத்தான்கள், கத்திப் பிடிகளைக் கொண்டுவந்து வைத்தார். பார்க்க தந்தம் மாதிரி, ஆமையோடு மாதிரி இருந்தன. எல்லாமே நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சிலிருந்து செய்தவை. தன் பெயரையே சேர்த்து 'பார்க்ஸின்' என்று பெயர் வைத்தார். கண்காட்சியில் வெண்கலப் பதக்கமும் கிடைத்தது. பிறகு கம்பெனி ஆரம்பித்தார். விலையைக் குறைக்க மட்டமான மூலப்பொருளைப் போட்டதில் சரக்கு வெடித்து, வளைந்து போனது. 1868-ல் கம்பெனியை மூட வேண்டியதாயிற்று.

அதே நேரத்தில் அமெரிக்காவில் வேறொரு தவிப்பு. பில்லியர்ட்ஸ் விளையாட்டு பணக்காரர் வீடுகளிலும் மதுக்கடைகளிலும் பரவிக்கொண்டிருந்தது. நல்ல பந்து என்றால் யானைத் தந்தம்தான். ஒரு தந்தத்திலிருந்து தரமான பந்துகள் சிலதான் தேறும். தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று ஒரு பில்லியர்ட்ஸ் நிறுவனம் அறிவித்தது. ஆல்பனி நகரில் அச்சகத் தொழிலாளியாக இருந்த ஜான் வெஸ்லி ஹயாட் அதைப் பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார். நைட்ரேட் செய்த பஞ்சோடு கற்பூரத்தைச் சேர்த்து, சூடும் அழுத்தமும் கொடுத்தால் மாவு மாதிரி குழைந்து, ஆறினதும் கெட்டியாகும் ஒரு பொருள் கிடைத்தது. 1870-ல் காப்புரிமை. அதுதான் செல்லுலாய்டு.

ஒரு சிக்கல். நைட்ரேட் செய்த பஞ்சு என்பது வெடிமருந்துக்கு நெருங்கிய சொந்தம். பந்து ஒன்றோடொன்று பலமாக மோதினால் சின்ன வெடிச் சத்தம் வரும். கொலராடோவில் ஒரு மதுக்கடைக்காரர் தனக்கு எழுதியதாக ஹயாட்டே பின்னாளில் ஒரு கதை சொன்னார். சத்தத்தைப் பற்றி அந்தக் கடைக்காரருக்குக் கவலை இல்லையாம். ஆனா ஒவ்வொரு தடவை சத்தம் வரும்போதும் கடையில இருக்கிற எல்லாரும் துப்பாக்கியை உருவிடறாங்க, அதுதான் பிரச்சனையாம்.

பந்தாக அது பெரிதாக ஜெயிக்கவில்லை. ஆனால் சீப்பு, சட்டைக் காலர், பல்செட், பொம்மை என்று வீடு வீடாக நுழைந்தது. 1889-ல் ஈஸ்ட்மேன் அதிலேயே ஃபிலிம் சுருள் விற்க ஆரம்பித்தார். சினிமா பிறந்தது இந்தச் செடிப் பிளாஸ்டிக்கின் மேல்தான்.

கற்பூரம் கொடுத்த விலை

இப்போ கொஞ்சம் நிறுத்தி ஒரு கேள்வி கேட்போம். உலகம் முழுக்க சீப்புக்கும் சினிமாவுக்கும் இவ்வளவு கற்பூரம் எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி தைவானிலிருந்து. அன்றைக்கு வெளிநாட்டவர்கள் அதை ஃபார்மோசா என்பார்கள். கற்பூர மரத்தை வெட்டி, சிராய்களாகச் சீவி, நீராவியில் வடிக்க வேண்டும். நல்ல மரங்கள் இருந்ததோ மலைக்காட்டில், அங்கே காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடிகளின் நிலத்தில். 1895-ல் ஜப்பான் அந்தத் தீவைக் கைப்பற்றியது. 1899-ல் கற்பூர வியாபாரத்தை அரசின் ஏகபோகமாக்கியது. மலையைச் சுற்றிக் காவல் கோடு போட்டு, அதை உள்நோக்கித் தள்ளிக்கொண்டே போனார்கள். 1910 முதல் 1914 வரை வடக்கு மலைப் பகுதிகளில் பெரிய ராணுவ நடவடிக்கையே நடந்தது. அதற்கான காரணங்களில் கற்பூரக் காடு முக்கியமானது.

யானையைக் காப்பாற்ற வந்த பொருள் என்று பெயர் வாங்கிய செல்லுலாய்டு, இன்னொரு பக்கம் ஒரு காட்டையும் அந்தக் காட்டு மக்களையும் விழுங்கியது. 'செடியிலிருந்து வந்தது' என்று லேபிளில் இருந்தால் போதாது. எந்தச் செடி, யாருடைய நிலம், அதை யார் வெட்டினார்கள் என்பதும் கணக்கில் வரணும்.

செலோஃபேனுக்கும் இதே மாதிரி ஒரு பின்கதை உண்டு. சுவிஸ் வேதியியலாளர் ழாக் பிராண்டன்பெர்கர் மரக்கூழிலிருந்து எடுத்த அந்தக் கண்ணாடிக் காகிதம், மேல்பூச்சு இல்லாவிட்டால் மண்ணில் நன்றாகவே மக்கும். ஆனால் மரக்கூழைக் கரைக்க கார்பன் டைசல்ஃபைடு என்ற வேதிப்பொருள் தேவை. அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நரம்புத் தளர்ச்சியும் மனக் குழப்பமும் வந்தன. அதே வேதிமுறையில் நூல் தயாரித்த ரேயான் ஆலைகளிலும் அதே பாதிப்பு. பிஸ்கட் ஈரமாகாமல் இருக்க 1920-களின் கடைசியில் செலோஃபேன் மேல் ஒரு பூச்சு போட ஆரம்பித்தார்கள். வியாபாரம் கொழித்தது. மக்கும் தன்மை குறைந்தது.

திரும்பி வந்தது வெள்ளி மட்டும்

செல்லுலாய்டின் முடிவு எப்படி இருந்தது? சுருக்கமாச் சொன்னா, நெருப்பு. 1929-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவமனையில் அடுக்கி வைத்திருந்த எக்ஸ்ரே ஃபிலிம்கள் பற்றிக்கொண்டன. அதிலிருந்து வந்த நச்சுப் புகையில் 123 பேர் இறந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் சினிமாத் துறை அந்த ஃபிலிமைக் கைவிட்டது.

ஆனா அந்த ஃபிலிம் சுருள்களில் ஒரே ஒரு பொருள் மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. படம் பதிய ஃபிலிமின் மேல் பூசியிருந்த வெள்ளி. ஓடி முடித்த படங்களை வாங்கி, அந்த வெள்ளியைப் பிரித்து விற்பது உலகம் முழுக்க நடந்த தொழில். இந்தியாவிலும் நடந்தது. தமிழின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்', முதல் பேசும் படமான 'காளிதாஸ்' இரண்டுமே இன்று நம்மிடம் இல்லை. அந்தக் காலப் படச்சுருள்கள் சில நெருப்பில் போயின, சில கவனிப்பாரில்லாமல் சிதைந்தன, பல வெள்ளிக்காக அழிக்கப்பட்டன. வெள்ளிக்கு விலை சொல்ல ஆள் இருந்தது. படத்துக்கு இல்லை.

இன்னைக்கு 'சுழற்சிப் பொருளாதாரம்'னு பெரிய வார்த்தையில சொல்றதோட அடிப்படை இதுதான். ஒரு பொருள் பயன்பாடு முடிந்து திரும்பி வரணும்னா, அந்த முனையில யாராவது காத்திருக்கணும். விலை கொடுத்தோ, இடம் கொடுத்தோ.

சோயா காரும் எண்ணெய் வெள்ளமும்

1941 ஆகஸ்ட். மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் ஊர்த் திருவிழாவில் ஹென்றி ஃபோர்டு ஒரு காரைக் காட்டினார். சட்டகம் இரும்புக் குழாய், மேல் தகடுகள் பதினாலும் பிளாஸ்டிக். ஃபோர்டு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. விளைச்சலுக்கு விலை கிடைக்காத விவசாயியிடம் தொழிற்சாலை வாங்கட்டும் என்பது அவர் கனவு. அதற்கு முந்தைய ஆண்டு, தன் காரின் பிளாஸ்டிக் டிக்கி மூடியைக் கோடரியால் அடித்துக்காட்டிப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

பத்திரிகைகள் அதை 'சோயா கார்' என்றன. ஆனால் சரியான செய்முறை எங்கேயும் பதிவில் மிஞ்சவில்லை. அதில் வேலை செய்த லோவெல் ஓவர்லி பின்னாளில் சொன்னதன்படி, சோயா நாரை ஃபீனால் பிசினிலும் ஃபார்மால்டிஹைடிலும் ஊறவைத்துச் செய்தது. ஃபீனால் அப்போது வந்தது நிலக்கரித் தாரிலிருந்து. அதாவது நார் வயலில் விளைந்தது, அதைப் பிடித்து நிறுத்தியது சுரங்கம்.

போர் வந்தது. 1942-ல் அமெரிக்காவில் கார் உற்பத்தியே நின்றது. இரண்டாவது சோயா கார் வரவே இல்லை. அதற்குள் இங்கிலாந்தில் 1933-ல் தற்செயலாகக் கிடைத்த பாலிதீன், போரின்போது ரேடார் கம்பிகளுக்கு உறையாகி, போருக்குப் பின் பையாகவும் பாட்டிலாகவும் பெருகியது. கச்சா எண்ணெய் சுத்திகரிப்பில் மூலப்பொருள் மலிவாகக் கிடைத்தது. பஞ்சும் சோயாவும் போட்டி போட முடியவில்லை. 1950-லிருந்து 2015 வரை உலகம் தயாரித்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன் என்று ஒரு ஆய்வு கணக்கிட்டது. குப்பையானதில் 9 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போனது.

சோளக் கப்பின் 60 டிகிரி

செடி திரும்பி வந்தது எப்படி? பழைய ஆராய்ச்சி நோட்டுகளிலிருந்து. நைலானைக் கண்டுபிடித்த வாலஸ் கரோத்தர்ஸ் 1930-களிலேயே லாக்டிக் அமிலத்தைக் கோத்துச் சங்கிலியாக்கிப் பார்த்தார். லாக்டிக் அமிலம்னா வேற ஒண்ணும் இல்லை, தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம். அவருக்குக் கிடைத்த பொருள் வலுவில்லாமல் இருந்தது. பிறகு மருத்துவர்களுக்கு அதன் உறவுக்காரப் பொருள் ஒன்று உதவியது. தையல் பிரிக்கத் தேவையில்லாத, உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும் தையல் நூல்.

அமெரிக்க தானிய வியாபார நிறுவனமான கார்கில் இதைக் கையில் எடுத்தது. சோள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, நுண்ணுயிர்களால் புளிக்க வைத்து, லாக்டிக் அமிலமாக்கி, அதைக் கோத்தால் பாலிலாக்டிக் அமிலம், சுருக்கமா பி.எல்.ஏ. 2002-ல் நெப்ராஸ்கா மாநிலத்தின் பிளேர் என்ற ஊரில், சோள வயல்களுக்கு நடுவே, பெரிய ஆலை ஓட ஆரம்பித்தது. உங்க கையில இருக்கிற சோளக் கப்போட குலதெய்வக் கோயில் அதுதான்னு வெச்சுக்கலாம்.

இது மக்குமா? மக்கும். ஆனா ஒரு நிபந்தனை. பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரியில்தான் இளகும். அந்தச் சூட்டில் ஈரமும் சேர்ந்தால் நீர் அதன் சங்கிலியை உடைக்கும். உடைந்த துண்டுகளை நுண்ணுயிர்கள் தின்னும். தொழில்முறை உரக்கிடங்கில் இது நடக்கும். ஐரோப்பியத் தர விதிப்படி, மக்கும் பிளாஸ்டிக் என்று சொல்ல வேண்டுமானால் சோதனையில் ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் கார்பன் டையாக்சைடாக மாற வேண்டும். சென்னையின் கத்திரி வெயிலில் கூட 60 டிகிரி வராது. வீட்டு மாடியில் வைத்திருக்கும் உரத்தொட்டியிலும் அது நிலையாக இருக்காது. குப்பைமேட்டிலோ கடலிலோ போனால், சோளக் கப் கிட்டத்தட்ட மத்த கப் மாதிரியே கிடக்கும்.

சரி, மறுசுழற்சிக்குப் போட்டால்? அங்கேதான் பெரிய தலைவலி. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கும் பி.எல்.ஏ.வும் பார்க்க ஒரே மாதிரி. பிளாஸ்டிக்கைப் பிரிக்க எளிய வழி தண்ணீரில் போடுவது. பாலிதீன் மிதக்கும். பெட் மூழ்கும். பி.எல்.ஏ.வும் மூழ்கும். பெட் உருகும் 250 டிகிரியில் பி.எல்.ஏ. சிதைந்துவிடும். கொஞ்சம் கலந்தாலே மொத்தச் சரக்கும் மஞ்சளாகி, தரம் விழும். அகச்சிவப்பு ஸ்கேனர் வைத்த ஆலை இரண்டையும் பிரித்துவிடும். நம்ம ஊர் காயலான் கடையில் அந்த மெஷின் கிடையாது. கையால் தொட்டு, கசக்கி, அனுபவத்தில் பிரிக்கிறார்கள். தரம் விழுந்தால் விலை விழும். அது கடைசியில் குப்பை பொறுக்கி விற்பவரின் நாள் கூலியில்தான் போய் நிற்கும். நாம நல்லது செய்யறோம்னு நினைச்சு வாங்கின கப் அது.

இரண்டு வாசல்கள்

அப்போ செடி பிளாஸ்டிக் எல்லாமே ஏமாத்தா? அப்படிச் சொல்ல முடியாது. வேலை செய்த இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

முதலாவது பிரேசில். 2010-ல் பிராஸ்கெம் நிறுவனம் ட்ரியுன்ஃபோ என்ற ஊரில் கரும்புச் சாராயத்திலிருந்து பாலிதீன் செய்யும் ஆலையைத் திறந்தது. அப்போது ஆண்டுக்கு 2 லட்சம் டன் திறன். இந்தப் பாலிதீன் மக்கவே மக்காது. மூலக்கூறு அளவில் அது சாதாரண பாலிதீனேதான். அதனாலேயே ஏற்கெனவே இருக்கிற மறுசுழற்சியில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் கலந்து போகும். லெகோ 2018-ல் தன் பொம்மை மரங்களையும் இலைகளையும் இதில் செய்ய ஆரம்பித்தது. பிள்ளைக்குப் பிள்ளை கைமாறி, முப்பது வருஷம் உழைக்க வேண்டிய பொம்மை மக்கக் கூடாது இல்லையா?

இரண்டாவது இத்தாலி. அங்கே நோவாமோன்ட் என்ற நிறுவனம் மாவுச்சத்தைச் சேர்த்து மக்கும் பிளாஸ்டிக் செய்கிறது. 2011 ஜனவரியில் இத்தாலி மக்காத மெல்லிய கடைப் பைகளைத் தடை செய்தது. 2012 நவம்பரில் மிலான் நகரம் வீடு வீடாகச் சமையலறைக் கழிவைத் தனியாகச் சேகரிக்கத் தொடங்கி, 2014-க்குள் நகரம் முழுக்க விரித்தது. கடையில் காய்கறி போட்டுக்கொடுத்த மக்கும் பை, வீட்டில் காய்கறித் தோல் போடும் பையாகிறது. தோலோடு சேர்ந்து ஆலைக்குப் போகிறது. அங்கே கழிவு எரிவாயுவாகவும் உரமாகவும் மாறுகிறது.

கவனிங்க, பையின் வேதியியலைவிட அந்த ஊரின் ஏற்பாடுதான் இங்கே முக்கியம். சட்டம், லாரி, தனித் தொட்டி, ஆலை எல்லாம் ஒன்றாக வந்தன. அதே பையை, பிளாஸ்டிக் மாதிரி தெரியுதேன்னு கிழித்து வெளியே எறியும் உர ஆலைகளும் உண்டு. அப்போ அது வெறும் குப்பைதான்.

சுழற்சிப் பொருளாதாரம் பேசுகிறவர்கள் இரண்டு சுழற்சிகளைப் பிரித்துச் சொல்வார்கள். மண்ணுக்குத் திரும்புவது ஒன்று. தொழிற்சாலைக்குத் திரும்புவது இன்னொன்று. நம்ம ஊர்ல இதுக்கு இன்னும் சுலபமான பெயர் இருக்கு. மக்கும் குப்பை, மக்காத குப்பை. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி. பிரேசில் பாலிதீன் நீலத் தொட்டிக்குப் போகத் தெரிந்தது. மிலான் பை பச்சைத் தொட்டிக்குப் போகத் தெரிந்தது. நம்ம சோளக் கப் ரெண்டு தொட்டிக்கும் நடுவுல தரையில கிடக்கு.

அப்போ நாம என்ன பண்றது?

உலகத்தின் மொத்த பிளாஸ்டிக் உற்பத்தியில் செடிப் பிளாஸ்டிக்கும் மக்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தே இன்னும் ஒரு சதவீதத்தைத் தாண்டவில்லை. சின்னதாக இருக்கும்போதே கேள்வி கேட்பது நல்லது. இந்தியாவில் மக்கும் பிளாஸ்டிக் என்று விற்க ஐ.எஸ். 17088 என்ற தரம் இருக்கிறது, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் வேண்டும். அந்த எண் இருக்கான்னு பாருங்க. அது இருந்தாலும் பாதி பதில்தான் கிடைச்சிருக்கு. அடுத்து கடைக்காரரிடமோ, உங்க அபார்ட்மென்ட் அசோசியேஷனிடமோ, மாநகராட்சியிடமோ கேளுங்க: "இதை எடுத்துக்கிட்டுப் போய் மக்க வைக்கிற இடம் எங்க இருக்கு?" அந்த முகவரி இல்லைன்னா, அந்தக் கப்புக்குக் கூடுதலா கொடுத்த காசு விளம்பரத்துக்குக் கொடுத்ததுதான்.

கடைசியா ஒண்ணு. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. மஞ்சப்பையும் பஞ்சுதான். பார்க்ஸ் சீப்பு செய்த அதே பஞ்சு. அதை நெய்யவும் தண்ணீரும் நிலமும் செலவாகுது, அதனால பல தடவை பயன்படுத்தினால்தான் கணக்கு நேராகும். ஏற்கெனவே வீட்டுக் கதவுக்குப் பின்னாடி நாலு பை தொங்குதுன்னா, அஞ்சாவது பையை இலவசமா கொடுத்தாலும் வாங்காதீங்க. இருக்கிற நாலையும் கிழியற வரைக்கும் கடைக்கு எடுத்துக்கிட்டுப் போங்க.

வீட்ல பழைய டேபிள் டென்னிஸ் பந்து கிடைச்சா மோந்து பாருங்க, எரிச்சு மட்டும் பார்க்காதீங்க. குப்புனு பத்திக்கும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.